ஊசி பொறுக்கும் காந்தம்

வருஷம் அறுபத்து நாலா அறுபத்தைந்தா என்று சரியாக நினைவில்லை. நடந்தவற்றின் வரிசையும் கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம். வெள்ளியங்கிரி தன் மனைவிக்குக் காந்தம் கட்டியது மட்டும் நிச்சயம்.

அவன் பனியன் கம்பெனியில் மிஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். பின்னல் மிஷினில் ஒடிந்து விழும் ஊசிகளைப் பொறுக்க, லாடம் போல ஒரு காந்தம் வைத்திருந்தான். மனைவி முத்தாத்தாளுக்கு மார்பில் புற்று, உடனே அறுத்தாக வேண்டும் என்று கோயம்புத்தூர் டாக்டர் சொன்ன வாரத்தில்தான், போண்டா மடித்து வந்த தாளில் ஒரு செய்தியைப் படித்தான். வெளிநாட்டில் கட்டிக்குள் இரும்புத்தூளைச் சேர்த்து, காந்தத்தால் சூடேற்றிப் புற்றைப் பொசுக்குகிறார்களாம். மீதியைக் காணோம், தாள் பாதியில் கிழிந்திருந்தது.

அவனுடைய அம்மா அறுவை மேசையிலிருந்து எழுந்திருக்கவேயில்லை. அந்தப் பயம் அவனுக்குள் கிடந்தது.

நாட்டுமருந்துக் கடையில் இரும்புச் சத்துள்ள அயச்செந்தூரம் வாங்கித் தேனில் குழைத்துக் கொடுத்தான். காந்தத்தை வெந்நீரில் போட்டெடுத்து, பனியன் துணியில் சுற்றி, அவள் மார்போடு கட்டினான்.

“ஏனுங்க, நானென்ன ஒடிஞ்ச ஊசியா?”

“பேசாம இரு புள்ள. வெள்ளக்காரனே செய்யறான்.”

“அவனும் போண்டாத் தாளப் பாத்துத்தான் செஞ்சானாக்கும்.”

அதற்குமேல் அவள் மறுக்கவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். அது அசதி என்று பிறகுதான் புரிந்தது.

ஒன்பது வாரம் போயிற்று. ஒருநாள் துணியைச் சுற்றும்போது அவளுடைய அக்குளிலும் ஒரு கட்டி நெரடியது. முடிச்சுப் போடாமல் உட்கார்ந்துவிட்டான். வெயில் வாசல்படி தாண்டி உள்ளே வந்தபோது, “பஸ்ஸுக்குப் போலாமுங்களா?” என்றாள்.

கோயம்புத்தூரில் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “அப்பவே வரச் சொன்னேனே, ஏம்மா வரல?”

“பயந்துட்டு நாந்தானுங்க வரமாட்டேன்னுட்டேன். இவரு கூப்பிட்டுட்டுத்தானுங்க இருந்தாரு,” என்றாள் முத்தாத்தாள்.

“உசுரு வெளையாட்டா உனக்கு?” என்று டாக்டர் அவளை வைய ஆரம்பித்தார். அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளியங்கிரியால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“அவ வர்றேன்னுதானுங்க சொன்னா. நாந்தான் காந்தத்தக் கட்டி உக்கார வெச்சுட்டேன்.” பத்திரமாக வைத்திருந்த அந்தப் போண்டாத் தாளை நீட்டினான்.

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. “இத நானும் படிச்சேன். நாய்க்குச் செஞ்சு பாத்ததுங்க அது. அவங்க காந்தம் கரண்டுல வேலை செய்யறது. மனுசனுக்கு வர இன்னும் எத்தன வருசமோ.”

அவள் ஏன் தன்மேல் பழி போட்டுக்கொண்டாள் என்று திரும்பும் பஸ்ஸில் அவன் கேட்கவில்லை. அப்புறமும் கேட்கவில்லை.

அறுவை அடுத்த வாரம் நடந்தது. முத்தாத்தாள் அதன்பின் மூன்று வருஷம் இருந்து, ஓர் ஆடி மாதத்தில் இறந்தாள். டாக்டர் மெட்ராசுக்கு மாற்றலாகிப் போனார். வெள்ளியங்கிரி மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. கம்பெனியை விட்டுப் பெருமாநல்லூரில் தங்கை வீட்டோடு இருந்தான். எழுபத்தாறாம் வருஷத்தில் அவனும் போய்ச் சேர்ந்தான்.