பஸ் ஏறிப் போன சந்தேகம்

நாலு மாதக் குழந்தையும் பெரிய பையுமாகத் தேன்மொழி காலை பஸ்ஸில் ஏறியதுமே, புருஷனோடு சண்டைதான் என்று பக்கத்து வீட்டு அம்சவேணி முடிவுகட்டினாள். சங்கதியை ஊருக்கு முதலில் சொல்வது தானாக இருக்க வேண்டாமா? அவளும் பின்னாலேயே ஏறிக்கொண்டாள். மலையிறங்கும் கொண்டை ஊசி வளைவு எழுபதிலும் தேன்மொழி புத்தகத்திலிருந்து தலை நிமிரவில்லை. அழுத கண்ணை மறைக்கிறாளாக்கும்!

நாமக்கல்லில் காலேஜ் வாசலில் இறங்கியதும் தேன்மொழி திரும்பி வந்து, பின்னாலேயே இறங்கிய அம்சவேணி கையில் குழந்தையைக் கொடுத்தாள்.

“அக்கா, இன்னிக்கு எம்.ஏ. கடைசிப் பரீட்சைங்க. அவரு மிளகு பறிக்கப் போயிட்டாரு. இதை உட்டா ரெண்டு வருசப் படிப்பும் போச்சு. மூணு மணி நேரம் பாப்பாவைப் பாத்துக்குங்க.”

“ஏன் கண்ணு, நான் வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“நேத்து நாலு தடவை உங்க ஊட்டு வாசல்ல வந்து, ‘நான் எங்கியும் போகலீங்க’ன்னு சொன்னேனே. அப்புறமும் நீங்க வராம இருப்பீங்களா?”