பசு இல்ல வாயு

விடிகாலையில் பால் வாங்கிப் போன ஸ்ரீரங்கன் மறுபடியும், இந்தத் தடவை சொம்பு இல்லாமல், கிளிப் போட்ட அட்டையும் பேனாவுமாகச் சந்துக்குள் வந்தபோது, ஜெயபாரதி சிவப்பியின் மடிக்குக் கீழே குந்திக் கறந்துகொண்டிருந்தாள். அபிராமபுரத்தில் பதினொரு வீடுகளுக்கு அவள்தான் பால். அவர் வீடும் அதில் ஒன்று, ஏழு வருஷப் பழக்கம். பாக்கெட் பால் காபி அவருக்குத் தொண்டையில் இறங்காது என்று அவர் மனைவி ஜானு சொல்லுவாள். அதனால் மாட்டுக்கு என்ன வயசு, தவிடு எவ்வளவு வைக்கிறாய் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டதற்கு, தெரிந்த மனுஷன்தானே என்று அவளும் பாதிக்குப் பதில் சொல்லிவிட்டாள். அப்புறம்தான் அவர் அதையெல்லாம் எழுதிக்கொள்வதைப் பார்த்தாள்.

கை நின்றுபோயிற்று. போன மாசம் மந்தைவெளியில் ஹாஜிரா பீயின் இரண்டு மாடுகளைக் கார்ப்பரேஷன் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்களே, அதற்கு முந்தின வாரமும் இப்படித்தான் ஒரு ஆள் காகிதத்தோடு வந்து, நன்றாகச் சிரித்துப் பேசி, எண்ணிக்கொண்டு போனான். பட்டணத்துக்குள் மாடு கூடாது என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த சமயம். மெட்ராஸ் என்ற பேரையே மாற்றிவிட்டார்கள், மூன்று மாட்டை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்.

புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அட்டையை எட்டிப் பார்த்தாள். அஞ்சாவது வரைக்கும் படித்தவள், எழுத்துக் கூட்டி வாசிப்பாள். ஸ்டென்சிலில் உருட்டிய காகிதம், மேலே பெரிதாகத் தலைப்பு. 'பசு' என்று வாசித்தாள். கொஞ்சம் வெற்றிடம். அடுத்து 'இல்ல'. அதற்கப்புறம் 'வாயு', 'கணக்கெடுப்பு'.

"பசு இல்லன்னு அச்சடிச்சே எட்தாந்துட்டியா சாமி?"

ஸ்ரீரங்கன் காகிதத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "அடடா, மைங்கற எழுத்துல மையே பிடிக்கலை. இது பசுமை இல்லம்மா" என்று சொல்லிச் சிரித்தார்.

"இப்ப பசுமையும் இல்லியா?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, விட்டுப்போன எழுத்தைப் பேனாவால் எழுதிச் சேர்த்தார். பிறகு பொறுமையாகத்தான் விளக்கினார். குளிர் தேசத்தில் செடி வளர்க்கக் கண்ணாடியில் வீடு கட்டுவார்களாம். உள்ளே போன சூடு வெளியே வராதாம். அதே மாதிரி சில வாயு பூமியைச் சூடேற்றுகிறதாம். மாடு அசைபோட்டு ஏப்பம் விடுகிறதே, அதில் அந்த வாயு இருக்கிறதாம். தேசம் முழுக்க எவ்வளவு என்று பார்க்க டெல்லியில் ஒரு ஆபீஸ் இருக்கிறது, அதன் மெட்ராஸ் கிளையில்தான் அவருக்கு உத்தியோகம். ஜெயபாரதி சந்து முனையில் நிறுத்தியிருந்த அவருடைய பழைய ஸ்கூட்டரைப் பார்த்தாள். தினமும் காலையில் அதைக் கிளப்பும்போது தெருவே கண்ணைக் கசக்கும்.

"எண்ணிக்கினு போயி இன்னா பண்ணுவாங்க?"

"கட்டுப்படுத்துவா."

"இன்னாத்த? மாட்டயா, ஏப்பத்தயா?"

அவருக்கு வந்த சர்க்குலரில் அது வரைக்கும்தான் எழுதியிருந்தது. நல்ல மனுஷன், பொய் பேசத் தெரியாது. அதுதான் அன்றைக்கு வினையாகப் போயிற்று. அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "நீ சொல்லலேன்னாலும் பாதகமில்லை. சொல்லாதவா அட்ரஸை வார்டு ஆபீசுக்கு அனுப்பி, அங்கேர்ந்து கேட்டுண்டுடுவோம்" என்றார்.

சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு.

"ஒண்ணுமில்லன்னு எழுது ஐயரே." ஏழு வருஷமாகச் சாமி என்று கூப்பிட்ட வாய்.

"காலம்பற ஆத்துல உன் பாலைக் குடிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். மாடே இல்லேன்னு எப்படிம்மா எழுதுவேன்?"

"அப்ப குடிக்காத. இன்னிலேர்ந்து உங்க வூட்டுக்குப் பாலு கெடையாது. என் மாடு வுட்ற காத்து ஆவாது, பாலு மட்டும் இனிக்குதா?"

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. ஸ்ரீரங்கனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். அவள் விடாமல் பார்த்தாள். கட்டத்துக்குள் 3. அதற்குக் கீழே சந்தின் பேர், கதவு நம்பர், அவள் பேர். முத்து முத்தான கையெழுத்து.

உச்சி வெயிலுக்கு முன்னால் மூன்றையும் அவிழ்த்து ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பெருங்குடியில் தம்பி ஆனந்தகுமார் வீட்டுப் பின்பக்கம் இடம் இருந்தது. கண்ணெதிரே கறந்தால்தான் பால் என்கிற அந்தப் பதினொரு வீடும், அங்கிருந்து பஸ்ஸில் வருகிற பாலை வாங்கப்போவதில்லை. அதை நினைக்காமல் நடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அடையாறு பாலத்தின் நடுவில் சிவப்பி நின்றுவிட்டது. மற்ற இரண்டும் அதோடு நின்றன. பின்னால் வந்த பஸ் முட்டுகிற மாதிரி வந்து நின்று, ஹாரன் அடித்து, உறுமி உறுமிப் புகையைக் கக்கியது. அதற்குப் பின்னால் ஒரு லாரி, ஆட்டோக்கள், இன்னொரு பஸ். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "தே, மாட்ட ஓரங்கட்டும்மா, ரோடு உங்கப்பன் வூட்டுதா" என்றான். கரும்புகை பாலத்துச் சுவரைத் தாண்டி ஆற்றுப் பக்கம் இறங்கியது. சிவப்பி எங்கேயும் பார்க்காமல் அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஜெயபாரதி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். கயிற்றை இழுக்கவில்லை. அது தரை வரைக்கும் தளர்ந்து தொங்கியது.