ஐந்தாவது எண்ணில் கவசம்

கிரானோரின் இடது முன்னங்கால் எழுந்ததும் ஜெயதீபன் வாய்க்குள் எண்ணத் தொடங்கினான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தில் பெருவிரலைப் போன் திரையில் வைத்தான். நீலக் கவசம் குடைபோல விரிந்தது. கல் மிருகத்தின் அடி அதில் பட்டுத் தூளாகச் சிதறியது. அடுத்த அடிக்கு எண்ணிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கத்து இணைப்பு அறுந்தது. கூட்டாளி மாறனின் பூதம் மரம்போல நின்றது. கிரானோர் ஒரே மிதியில் இரண்டு பேரையும் முடித்துவிட்டது. திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டரை. மாலை ஆறு மணிக்குக் கிரானோர் போய்விடும். இனி அடுத்த வருடந்தான் வரும்.

மயிலிட்டித் துறைமுகத்து மீனவர் வாடிக் கொட்டிலுக்குள், வலைக் குவியலில் முதுகைச் சாய்த்து அவன் கால் நீட்டியிருந்தான். தகரக் கூரை வெயிலில் படபடத்தது. பூதங்களைப் பிடித்து, தீனி போட்டு வளர்த்து, சண்டைக்கு விடுகிற இந்த விளையாட்டு, போன மாரியில் காலில் திருக்கை குத்தி மூன்று கிழமை படுத்துக் கிடந்தபோது பிடித்த பழக்கம். இப்போது நூற்றுப்பத்துப் பூதங்கள் சேர்ந்துவிட்டன. முதுகில் ஓடு சுமந்த மந்தமான பூதம் ஒன்றுக்கு யாகப்பு என்று பெயர் வைத்திருந்தான். வலை இழுக்கிற நேரம் மட்டும் இடுப்பு வலி வருகிற யாகப்பு ஒருவர் துறைமுகத்தில் இருந்தார், அவருடைய ஞாபகமாக. சண்டையில் கவசம் பிடிக்கிற வேலை பூத யாகப்புவுக்குத்தான்.

கிரானோரை இரண்டு பேராகச் சேர்ந்துதான் அடிக்கலாம். மூன்று மாதமாக அவனுக்கு வாய்த்த கூட்டாளி மாறன். முகம் தெரியாது; குரல் மட்டும். பேச்சைக் கேட்டால் இந்தியாக்காரன், இருபத்தைந்து வயதுக்குள் இருப்பான் என்று தெரிந்தது. என்ன வேலை என்று கேட்டதற்கு ஒருமுறை, "கூலி வேலதாண்ணே" என்றான். ஜெயதீபன் ஏதோ துணிக்கடை, தொழிற்சாலை என்று நினைத்துக்கொண்டான். ஆனால் பையன் புத்திசாலி. எல்லோரும் தங்களிடமிருந்த பெரிய பூதங்களைக் கொண்டுபோய் மோதவிட்டுத் தோற்க, அவன்தான் வேறு வழி கண்டுபிடித்தான்.

"மூணாவது கட்டத்துல அவனுக்குக் கண்ணு செவக்கும்ணே. அப்ப ஓங்கி அடிச்சா, அடிச்ச அடி நமக்கே ரெண்டு மடங்காத் திரும்பும். நான் நோஞ்சானாப் பாத்து ஒண்ணக் கொண்டு வாரேன். கொஞ்சங் கொஞ்சமா விஷம் வச்சுக்கிட்டே இருப்பேன். நீங்க அடிக்கவே அடிக்காதீங்க. இடது காலத் தூக்குனா நாலு எண்ணுங்க. அஞ்சுல கவசம். நாலுல போட்டா ஒடச்சிருவான். ஆறுல போட்டா நான் செத்துருவேன்."

இந்த ஒரு கிழமையில் அப்படித்தான் ஒவ்வொரு கட்டமாக முன்னேறியிருந்தார்கள். மாறன் சொன்ன எதுவும் ஒருமுறைகூடப் பிழையாய்ப் போகவில்லை.

இப்போது திரையில் குரல்செய்தி ஒன்று வந்து நின்றது. ஜெயதீபன் போனைக் காதில் வைத்தான்.

"அண்ணே, சிக்னல் சரியில்ல. ஒன்னே முக்காலுக்கு இன்னொரு தடவ பாத்துருவோம். அதுதான் கடைசி. டோக்கன் போட்டாச்சு, ரெண்டு மணிக்குக் கிளம்பணும்."

ஜெயதீபன் அதை இன்னொருமுறை கேட்டான். போனை வலையின்மேல் குப்புற வைத்தான்.

டோக்கன் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். போன வருடம் நேவி ஒரு இந்திய றோலர் இழுவைப்படகைப் பிடித்து இந்தத் துறைமுகத்துக்குத்தான் இழுத்து வந்தது. பிடிபட்டவர்களை வரிசையாகக் குந்த வைத்திருந்தார்கள். ஒரு கிழவனின் சட்டைப் பையிலிருந்து நனைந்த துண்டுக் கடதாசி ஒன்றை எடுத்தார்கள். "அங்கை கடலுக்குப் போறதுக்கு அரசாங்கம் குடுக்கிற துண்டு. டோக்கன் எண்டு சொல்லுவினம்," என்று பக்கத்தில் நின்ற சிமியோன் அண்ணை சொன்னார்; அவருடைய படகில்தான் அவன் கடலுக்குப் போகிறான். அந்த றோலர் இன்னும் அலைதடுப்பு அணைக்கட்டோரம் துருவேறிக் கறள் பிடித்துச் சரிந்து கிடக்கிறது. கடலின் அடியை வாரி இழுத்துக்கொண்டு போகிற படகு. வழியில் யாருடைய வலை கிடந்தாலும் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

போனைத் திருப்பி எடுத்துப் பழைய செய்திகளை மேலே தள்ளினான். எல்லாம் அப்படியே கிடந்தன. இன்னைக்கு வரமாட்டேன்ணே. நாளைக்குப் பாப்போம்ணே. அந்தச் செய்திகள் வந்த நாட்களை மட்டும் பார்த்தான். சனி. திங்கள். புதன். மறுபடியும் சனி. றோலர்கள் வருகிற அந்த மூன்று நாட்களை மயிலிட்டியில் சின்னப்பிள்ளையும் சொல்லும். மூன்று மாதமாக அது அவனுடைய கைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

இன்னும் மேலே தள்ளினான். மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அவனே அனுப்பிய குரல்செய்தி. வாசலை ஒருதரம் பார்த்துவிட்டு, சத்தத்தைக் குறைத்துக் கேட்டான். அவனுடைய குரல்தான், காற்று இரைகிறது, சிரிக்கிறான்.

"தம்பி, நாளைக்கு இரவு நான் இல்லை. மயிலிட்டிக்கு நேர வடக்கை, பன்ரண்டு பாக ஆழத்திலை பாரை மீன் அள்ளு கொள்ளையாக் கிடக்குது. ரண்டு நாள் அங்கைதான் போடுறம்."

மறுநாள் புதன். இருபது வலை போட்டுவிட்டு அவனும் சிமியோன் அண்ணையும் காத்துக் கிடந்தார்கள். ஒரு விளக்கும் இல்லாமல் வந்தது அது. சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது கறுப்புச் சுவர் ஒன்று தலைக்கு மேலே நின்றது. சிமியோன் அண்ணை எஞ்சினை எப்படி இழுத்தார், படகை எப்படித் திருப்பினார் என்று அவருக்கே தெரியாது. அது கிளப்பிய அலையில் படகு ஒருபக்கம் சரிந்து தண்ணீர் ஏறியது. பதினொரு வலையைக் காணவில்லை. விடியும்வரை அவர் அறுந்த கயிற்று நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு மீனவர் சங்கக் கூட்டத்தில் எழுந்து ஒரேயொரு வசனம் சொன்னார்: "இவ்வளவு பெரிய கடல் கிடக்க, நேர எங்கடை வலைக்கு மேலை வந்தவன் எண்டால், ஆரோ வாயைத் திறந்திருக்கிறாங்கள்."

அந்த ஆரோ, அதே துறைமுகத்து மீனவன் லியோன் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. லியோனின் மச்சான் ஒருவன் இந்தியாவுக்கு அகதியாகப் போய் அக்கரையிலேயே தங்கிவிட்டவன். வேறு காரணம் ஒன்றும் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து லியோனுடன் கடலுக்குப் போக ஆளில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. ஜெயதீபன் திடுக்கிட்டுப் போனை அணைத்தான். கேதீஸ்வரி. அவன் மனைவி, கையில் சோற்றுப் பெட்டி.

"இஞ்சருங்கோ, எத்தினை தரம் கூப்பிடுறது? உந்தப் பூதங்களுக்குத் தீனி போட்டது காணும், நீங்கள் ஒரு வாய் தின்னுங்கோ." அவனுடைய முகத்தைப் பார்த்தாள். "என்ன, வெளிறிப்போய் இருக்கிறியள்? தோத்துப்போனியளோ?"

"ஓம்."

"நல்ல காரியம். இனியாவது கிழிஞ்ச வலையைப் பொத்தித் தாங்கோ." பெட்டியைத் திறந்து வைத்தபடியே குரலைத் தாழ்த்தினாள். "லியோன்ரை மனுசி இண்டைக்கும் மீன் சந்தையிலை தனியத்தான் நிண்டவ. என்னைப் பாத்துச் சிரிச்சவ. நான் மற்றப்பக்கம் திரும்பியிட்டன். வேறை என்ன செய்யிறது, எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்."

அவன் சோற்றைப் பிசைந்தான். நான்தான் என்று இப்போதே சொல்லிவிட்டால் என்ன என்று நினைத்தான். கேதீஸ்வரி நம்புவாள். நம்பிய பிறகு அவளும் சந்தையில் தனியாக நிற்கவேண்டும். சிமியோன் அண்ணை? அந்த இரவுக்குப் பிறகு அவர் எஞ்சினை இழுக்குமுன் ஒவ்வொரு தரமும் வடக்கே பார்க்கிறார். அவரிடம் போய், ஒரு விளையாட்டில் கூட்டாளிப் பொடியனுக்குச் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? விளையாட்டு என்று யார் நம்புவார்கள்?

கேதீஸ்வரி போனபின் ஒன்றே முக்காலுக்குக் கிரானோரின் வாசலைத் திறந்தான். மாறன் வந்துவிட்டிருந்தான். சண்டையின்போது இருவரும் நேரடியாகப் பேசலாம். மாறனின் பேச்சுக்குப் பின்னால் இன்று வேறு சத்தங்கள் இருந்தன: இரும்புச் சங்கிலி உரசுகிற சத்தம், ஐஸ் உடைக்கிற சத்தம், யாரோ யாரையோ கெட்ட வார்த்தையில் கூப்பிடுகிற சத்தம். முந்தியும் இருந்திருக்கும். அவன்தான் காது கொடுத்ததில்லை.

முதற்கட்டம் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. கிரானோரின் கல் ஓடு வெடித்து உள்ளே சிவப்புத் தெரிந்தது. மாறனின் நோஞ்சான் பூதம் சுற்றிச் சுற்றி ஓடி விஷம் வைத்தது. கிரானோரின் உயிர் நூற்றுக்கு முப்பது வீதம். பதினெட்டு. ஒன்பது. இவ்வளவு தூரம் அவர்கள் வந்ததேயில்லை.

"மாறன்," என்றான் ஜெயதீபன். "நான் ஒருக்காப் பன்ரண்டு பாகம் எண்டு உனக்குச் சொன்னனான். நினைவிருக்கே?"

கிரானோரின் இடது முன்னங்கால் எழுந்தது.

"அண்ணே, காலத் தூக்குறான்."

"நீ அதை ஆருக்கும் சொன்னனியோ?"

"எண்ணுங்கண்ணே."

"சொல்லு முதல். உன்ரை ஆக்களுக்குச் சொன்னனியோ?"

"அண்ணே, கவசம்! கவசம்ணே!"

அவனுடைய விரல் திரைக்கு மேலே அப்படியே நின்றது. கால் இறங்கியது. நோஞ்சான் பூதம் நசுங்கி மறைந்தது. அடுத்த அடியில் யாகப்புவும். கிரானோருக்கு இன்னும் நான்கு வீத உயிர் மிச்சமிருந்தது. அது தலையை உயர்த்திக் கர்ச்சித்தது. ஜெயதீபனின் நெற்றியிலிருந்து வியர்வை திரையில் விழுந்தது.

மாறன் பேசினான். குரல் தாழ்ந்திருந்தது, கையால் வாயை மூடிக்கொண்டு பேசுகிறவன்போல. "நீங்க கடல்காரங்கன்னு அன்னைக்கே தெரியும்ணே. ஆழத்தப் பாகம்னு சொன்னீங்கல்ல. நான் வந்து..."

"எவன்கிட்டடா பேசுற?" என்று பின்னால் ஒரு தடித்த குரல் கேட்டது. இணைப்பு அறுந்தது.

ஜெயதீபன் நான்குதரம் அழைத்தான். எடுக்கவில்லை.

நாலு மணிக்குச் சிமியோன் அண்ணை எண்ணெய்க் கலனோடு வந்தார். மிஞ்சிய ஒன்பது வலையோடு கடன்பட்டு வாங்கிய ஆறும் சேர்ந்து படகில் ஏற்றியாயிற்று.

"பன்ரண்டு பாகத்துக்கே போவம்," என்றார் அவர். "மாசிக்குப் பிறகு அந்தப் பக்கம் ஒருத்தனும் போகேல்லை. மீன் பெருத்திருக்கும்."

"இண்டைக்குத் திங்களெல்லே அண்ணை."

"திங்கள், புதன், சனி எண்டு பாத்தால் கிழமையிலை பாதிநாள் பட்டினி கிடக்கோணும். பயமெண்டால் நில்லு. நான் யாகப்புவைக் கூட்டிக்கொண்டு போறன்."

"அவருக்கு இடுப்புப் பிடிச்சிடும்."

சிமியோன் அண்ணை சிரித்தார். சிரித்துக்கொண்டே எஞ்சின் கயிற்றைப் பிடித்த அவர், இழுக்குமுன் வடக்கே பார்த்ததை ஜெயதீபன் கண்டான். ஏறிக்கொண்டான்.

அணைக்கட்டைத் தாண்டும்போது மடியில் போன் அதிர்ந்தது. இரண்டு மணி ஐந்துக்கு அனுப்பியது; இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. எழுத்தில் ஒரு வரி.

அண்ணே இன்னைக்கு பன்னெண்டு பாகம் வேணாம். கிழக்க போங்க.

அதை மூன்றுதரம் வாசித்தான். மாறன் ஒருநாளும் அவனுக்குப் பிழையான வழி சொன்னதில்லை. ஆனால் அந்த மாறனை அவன் இன்றைக்கு மிதிபட விட்டுவிட்டான். இந்த வரியை மாறன்தான் எழுதினானா, அல்லது அந்தத் தடித்த குரல் பின்னால் நின்று எழுத வைத்ததா? பன்னிரண்டு பாகத்தை வெறுமையாக்கி வைப்பதற்கா? இல்லை, கிழக்கேதான் அவர்கள் வருகிறார்களா? அல்லது முகம் தெரியாத ஒரு பொடியன், தன் படகு ஆட்களுக்கு ஒளித்து, படகு எடுக்கவேண்டிய நேரத்துக்கு ஐந்து நிமிடம் பிந்தி, ஒரு உயிருக்காக இதைத் தட்டினானா? பதில் கேட்டு எழுதினான். செய்தி போகவில்லை. சிக்னல் கோடுகள் இரண்டாகி, ஒன்றாகி, இல்லாமல் போயின.

"அண்ணை, கிழக்காலை போவமே."

"ஏன்?"

"சும்மா. மனதுக்குச் சரியாப் படேல்லை."

சிமியோன் அண்ணை எஞ்சினைத் தணித்தார். அவனையும் அவனுடைய மடியிலிருந்த போனையும் பார்த்தார். "உனக்கு ஆரும் ஏதும் சொன்னவையோ?"

படகு அலையில் ஏறி இறங்கியது. ஜெயதீபன் வாயைத் திறந்தான். லியோன் இல்லை, நான்தான் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"இல்லை அண்ணை."

அவர் அவனுடைய போனை இன்னொருதரம் பார்த்துவிட்டு, படகைக் கிழக்கே திருப்பினார்.

வெயில் தாழ்ந்து கடல் ஈயநிறமாகியபோது வலையை விடத் தொடங்கினார்கள். ஜெயதீபன் மிதப்புகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து இறக்கினான். அவை வெள்ளையாக வரிசைகட்டி வடக்கே நீண்டு போயின. தூரத்தில் இருந்தவை ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியவில்லை. சிமியோன் அண்ணை திடீரென்று கையை உயர்த்தினார். எஞ்சினை நிறுத்தினார். எங்கோ வேறொரு எஞ்சினின் மெல்லிய இரைச்சல். காற்று திரும்பித் திரும்பி அடித்ததில், அது பன்னிரண்டு பாகத்துப் பக்கமிருந்து வருகிறதா, இந்தப் பக்கமிருந்து வருகிறதா என்று பிரிக்க முடியவில்லை. அவர் பெரிய விளக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்; ஏற்றவில்லை.

"மிச்சத்தை விடு," என்றார் மெதுவாக.

கடைசி வலையின் மிதப்பு ஜெயதீபனின் இரண்டு கைகளுக்குள்ளும் இருந்தது. தண்ணீருக்குள் இறங்கிவிட்ட மற்றவை அதைக் கயிற்றால் சுண்டிச் சுண்டி இழுத்தன.