எட்டு மாடி, மூன்று நிமிடம்

மார்ச் 14, காலை ஏழு மணி, தீயணைப்பு நிலையத்தின் பயிற்சிக் கோபுரம்: இருபது கிலோ குழாய்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு எட்டு மாடி ஏற, முப்பத்தெட்டு வயது வீரர் ஒருவருக்கு மூன்று நிமிடம் நாற்பத்தொரு நொடி ஆனது. அனுமதிக்கப்பட்டது மூன்று நிமிடம்.

கீழே ஸ்டாப்வாட்ச்சோடு நின்றவர் வண்டி டிரைவர். நேரம் குறிக்கும் வேலையும் அவர் தலையில்தான். ஏறியவர் அவருடைய தங்கை கணவர். ஜனவரியில் வந்த காய்ச்சல் பத்தே நாளில் இறங்கிவிட்டது. ஆள்தான் பழைய ஆளாகவில்லை. அதற்கு முன் இதே படிகளை இரண்டேகால் நிமிடத்தில் ஏறி, உச்சியில் நின்று விசிலடிக்கிறவர்.

"என்ன மாப்ளே, மேல யாராவது டீ போட்டுக் குடுத்தாங்களா?"

"குடுத்திருந்தா அங்கேயே உக்காந்திருப்பேன் மச்சான்."

இந்த உடல்தகுதித் தேர்வுக்கு மூன்று வாய்ப்பு. ஒன்று போய்விட்டது. மூன்றும் போனால் வண்டியில் இடமில்லை. டிரைவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: துருப்பிடித்ததைத் தேய்க்க வேண்டும். நிலையத்தில் அடிபட்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் தேறினார்கள். மறுநாள் முதல் காலையில் நாலு தடவை, மாலையில் நாலு தடவை ஏறவைத்தார்.

"அண்ணே, சட்டை பட்டன் போடவே அவருக்குக் கை நடுங்குது. விட்டுடேன்," என்றாள் தங்கை.

"நீ பாவம் பாத்தே அவனைப் படுக்க வெச்சுடுவே."

ஏப்ரலில் இரண்டாவது வாய்ப்புக்கு டிரைவரே பெயர் கொடுத்தார். மாப்பிள்ளை ஆறாவது மாடியில் உட்கார்ந்துவிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால் சுருள் இன்னும் தோளில் இருந்தது.

"கால் இருக்குது மச்சான். சொன்னாத்தான் கேக்கல."

ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்த மருத்துவர், "இந்த நிலைமையில பயிற்சி குடுத்தது யாரு?" என்று கேட்டார். டிரைவர் வாயைத் திறப்பதற்குள், "நாங்கதான் டாக்டர்," என்றாள் தங்கை.

மருத்துவர் நிதானமாகச் சொன்னார். "கிருமி போயிடுச்சு. ஆனா எதிர்ப்புச் செல்கள் ஒண்ணுக்கொண்ணு தகவல் சொல்ல அனுப்புற மூலக்கூறுகள் இருக்கு, சைட்டோகைன்னு பேரு. அது இவருக்கு இன்னும் அடங்கல. நல்ல உடம்புல உடற்பயிற்சி பண்ணும்போது தசையே அதுல சிலதைக் கொஞ்ச நேரம் சுரக்கும். கொழுப்பை எரிக்கச் சொல்லும், தசையைத் தேத்தும். ஓயாம இருந்தா அதுவே தசையைக் கரைக்கும். சாப்பிடுறது சக்தியா மாறாது. இவர் ஏற ஏற அது கூடியிருக்கு."

"தீ அணைஞ்ச பிறகும் தண்ணி அடிச்சுக்கிட்டே இருக்கோம்," என்றார் மாப்பிள்ளை. "வீடு இடிஞ்சுடும் மச்சான்."



மூன்று மாதம் ஓய்வு. அதற்குமேல் மூன்றாவது வாய்ப்பின் தேதியைத் தள்ளிப்போட விதியில் இடமில்லை. அந்த மார்ச்சிலேயே ஓய்வு கொடுத்திருந்தால் என்ற கணக்கை டிரைவர் வண்டி கழுவும்போதெல்லாம் போட்டுப் பார்த்தார். மாப்பிள்ளை ஒரு தடவைகூட அதைப் பற்றிப் பேசவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

ஜூலை 22, கடைசி வாய்ப்பு. மேலேயிருந்து விசில் வரவில்லை, கை மட்டும் தெரிந்தது. டிரைவர் பொத்தானை அழுத்தினார். மூன்று நிமிடம் எட்டு நொடி. பக்கத்தில் யாருமில்லை. எட்டு நொடியைக் குறைத்து எழுத ஒரு பேனா போதும். அப்படி எழுதினால், புகை நிறைந்த ஏதோ ஒரு மாடியில் இந்த ஆள் உட்கார்ந்துவிடுவார்.

"எவ்வளவு மச்சான்?" என்றபடி மாப்பிள்ளை இறங்கி வந்தார்.

"மூணு நிமிஷம் எட்டு."

மாப்பிள்ளை சுருளைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார். "சரி, அப்படியே எழுது."

எழுதினார். ஆகஸ்ட் முதல் தேதி மாப்பிள்ளை, தீ விபத்து அழைப்புகளை எடுக்கும் தொலைபேசி அறைக்கு மாற்றப்பட்டார். வண்டியில் அவர் இடத்துக்கு வேறொருவர் வந்தார்.