மூடி திறந்த பிஸ்கட் டப்பா

கல்யாணம் சனிக்கிழமை நாலு மணிக்கு. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மணப்பெண் நெரெய்டா முழங்கை வரை கிரீஸோடு, பிரித்துப் போட்ட தன் கார் இஞ்சினுக்கு முன்னால் நின்று பாடிக்கொண்டிருந்தாள். கடலோர ஊரான சலினாஸில் இதற்கெல்லாம் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஊரில் பாதிப் பேர் உள்ளே ரோட்டர் சுற்றுகிற ரோட்டரி இஞ்சின் கட்சி, மீதிப் பேர் பிஸ்டன் கட்சி. தேவாலயத்தில் மட்டும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள்.

சங்கடம் என்னவென்றால், நெரெய்டா ரோட்டரி கட்சி, மாப்பிள்ளை அன்செல்மோ பிஸ்டன் கட்சி. எட்டு சிலிண்டர் வண்டி வைத்திருந்தான். குடியேறப்போகிற வீட்டிலோ கூரை போட்ட இடம் ஒரே ஒரு வண்டிக்குத்தான். மற்றது வெயிலிலும் உப்புக் காற்றிலும் கிடந்து சாக வேண்டியதுதான். அதனால் பந்தயம் கட்டினார்கள். மணப்பெண் எந்த வண்டியில் கல்யாணத்துக்கு வந்து இறங்குகிறாளோ, அந்த வண்டிக்குக் கூரை. கட்டிய மறுவாரமே நெரெய்டாவின் இஞ்சின் கம்ப்ரஷன் இழந்து மூச்சு வாங்க ஆரம்பித்தது. விதி என்றால் இதுதான்.

தொலைபேசி அடித்தது.

"என்ன, உன் மிக்ஸி ஓடுதா?" என்றான் அன்செல்மோ.

"ஓடும், ஓடும். உன் வாயைத்தான் முதல்ல அதுல போட்டு அரைக்கப் போறேன்."

"என் வண்டியில முன்சீட்டைத் தொடச்சு வெச்சிட்டேன் ராணி. நாளைக்கு நீ உக்கார வேண்டியதுதான் பாக்கி."

"அந்தத் துணியைப் பத்திரமா வை. நாளைக்குக் கண்ணு தொடைக்க வேணும்ல?"

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள். முக்கோண ரோட்டர்களின் மூலைகளில் கசிவை அடைக்கும் முனை சீல்கள் ஆறையும் மைக்ரோமீட்டரில் அளந்து, இரண்டிரண்டாகச் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நடுவே துளி வெளிச்சம் கசியவில்லை. ஆறுக்கும் ஆளுக்கொரு முத்தம் கொடுத்தாள். அடுத்தது பக்க சீல்கள் பன்னிரண்டு. மெலிந்து வளைந்த எஃகுப் பட்டைகள், வெட்டிப் போட்ட நகம் மாதிரி வளைவு. அவற்றில் இரண்டு தேய்ந்து குட்டையாகிவிட்டன. பள்ளத்தில் வைத்தால் நுனியில் நாலு தாள் கனத்துக்கு இடைவெளி. கம்ப்ரஷன் போன வழி அதுதான். கையிலிருந்த கடைசி இரண்டு புதுப் பட்டைகளை எடுத்து, ஒரு மணி நேரம் உரசி உரசி, அந்தந்தப் பள்ளத்துக்கென்றே அளவாக்கி, மற்றவற்றோடு டப்பாவில் போட்டாள். இனி வேண்டுமென்றால் கப்பலில்தான் வர வேண்டும், பத்து நாளாகும்.

அந்தப் பட்டறையில் அவள் அப்பா காலத்திலிருந்து ஒரு சட்டம் உண்டு. இரண்டு பிஸ்கட் டப்பா. மூடி திறந்திருந்தால் உயிருள்ள சாமான், மூடியிருந்தால் செத்த சாமான். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், நாய்க்குக்கூடத் தெரியும். தெரியாதது சேவலுக்கு மட்டும்தான். அது மேஜைமேல் ஏறி, திறந்த டப்பாவுக்குள் எட்டிப் பார்த்து, பக்க சீல் ஒன்றைப் புழு என்று நினைத்துக் கொத்தியது. நெரெய்டா ஓடிவந்து அதை விரட்டினாள். திரும்பவும் வந்தது. சரி போ என்று டப்பாவின் மூடியைச் சாத்திவிட்டுக் குளிக்கப் போனாள்.

அவள் குளித்துவிட்டு வரும் வரையில் யார் வந்தது, யார் போனது என்று யாரும் கவனிக்கவில்லை.

மூன்று மணிக்கு இஞ்சினைக் கோக்க உட்கார்ந்தாள். பட்டைகள் நழுவாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் வாஸ்லின் தடவி, பள்ளத்தில் ஒட்டவைத்துக்கொண்டே வந்தாள். எட்டு, ஒன்பது, பத்து. பத்தோடு டப்பா காலி. புதுப் பட்டைகள் இரண்டையும் காணோம். மேஜைக்கு அடியில் ஊர்ந்தாள், வாளியைக் கவிழ்த்தாள், சேவலைப் பிடித்துத் தலைகீழாக உலுக்கினாள். அது கத்திய கத்தலில் மிக்டாலியா சித்தி அடுத்த வீட்டிலிருந்து வாயில் குண்டூசியோடு வந்துவிட்டாள். கல்யாண கவுன் தைப்பது அவள்தான்.

"சித்தி, வளைஞ்ச பட்டை ரெண்டு பாத்தியா? புதுசு, பளபளன்னு இருக்கும்."

சித்தி குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தாள். அதற்கு நேரமெடுத்துக்கொண்டாள்.

"மூடி சாத்தியிருந்துதேடி. செத்தது தானேன்னு எடுத்தேன். கவுனோட நெஞ்சுப் பக்கம் நிமிந்து நிக்கவே மாட்டேன்னுச்சு. உள்ள வெச்சுத் தச்சதும் என்னமா நிக்குது தெரியுமா! அளவெடுத்த மாதிரி!"

"அளவெடுத்ததுதான் சித்தி! ஒரு மணி நேரம் அளவெடுத்தேன்!"

தப்பு யாருடையது? மூடியைச் சாத்தியவளுடையது. நெரெய்டாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. செத்த பட்டைகள் இரண்டையும் சித்தி கையில் திணித்தாள்.

"இதை வெச்சுத் தை. கவுனுக்குக் கம்ப்ரஷன் வேணாம். அதை எடுத்துட்டு வா, ஓடு!"

அரை மணியில் சித்தி இரண்டு பட்டைகளோடு திரும்பினாள். இரண்டும் கண்ணாடி மாதிரி மின்னின. நெரெய்டா முதலாவதை ரோட்டரில் வைத்து இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்த்தாள். இறுக்கம், பிரமாதம். இரண்டாவதை வைத்தாள். தகடுகளிலேயே தடித்தது சரக்கென்று உள்ளே போனது. பட்டையை மூக்கருகில் கொண்டுபோனாள். புதினா வாசனை.

"சித்தி. இதுக்கு ஏன் பல்லு தேச்சிருக்க?"

சித்தி கூரையைப் பார்த்தாள்.

"சித்தி!"

"இடது பக்கம் பிரிக்க முடியாதுடி! அதுல இருநூத்தி முப்பது முத்து! மூணு வாரம் கண்ணு போகத் தச்சிருக்கேன். பேஸ்ட் போட்டுத் தேச்சா பழசும் புதுசும் ஒரே மாதிரிதான் இருந்துது. அந்த எழவெடுத்த தகட்டுக்கு மட்டும் எப்படித் தெரியுது?"

"அதுக்குத் தெரியறதாலதான் என் வண்டி ஓடுது. பிரி சித்தி."

"நாளைக்கு ஊரே உன் நெஞ்சைத்தான் பாக்கும்!"

"பாக்கட்டும். நான் எதுல வந்து இறங்கினேன்னும் பாக்கட்டும்."

சித்தி போய்க் கவுனைக் கொண்டுவந்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள், கத்தரிக்கோலை எடுத்தாள், கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாள். முத்துகள் பட்டறைத் தரையில் தெறித்தன. அப்புறம் சித்தி செய்ததுதான் வேடிக்கை. திட்டிக்கொண்டே நெரெய்டாவோடு மண்டியிட்டு எல்லாவற்றையும் பொறுக்கினாள். நடுவில் எதற்கென்று தெரியாமல் இருவரும் சிரிக்க ஆரம்பித்து, வயிறு வலிக்கும் வரை நிறுத்த முடியவில்லை.

மறுநாள் இரண்டே முக்காலுக்கு இஞ்சின் வண்டிக்குள் உட்கார்ந்துவிட்டது. நெரெய்டா கவுனோடு ஏறிச் சாவியைத் திருப்பினாள். முதல் தடவை இருமியது. இரண்டாவது தடவை வாஸ்லினெல்லாம் வெண்புகையாக வெளியேறியது. மூன்றாவது தடவை பட்பட்பட்டென்று பிடித்துக்கொண்டு தெருவையே உலுக்கியது. சந்தோஷத்தில் அவள் போட்ட சத்தத்துக்குச் சேவல் பறந்து போய்க் கூரையில் உட்கார்ந்தது.

அவசரமாகக் கோத்த முத்துகளுக்கு அந்த அதிர்வு தாங்கவில்லை. தேவாலயம் போய்ச் சேர்வதற்குள் மடியில் ஒரு கைப்பிடி, தரையில் ஒரு கைப்பிடி. அவள் இறங்கியபோது இடது பக்கம் நூல் தொங்கியது. உள்ளே செத்த பட்டை மட்டும் விறைப்பாக நின்றது. ரோட்டரி கட்சி விசிலடித்தது. பிஸ்டன் கட்சி தொப்பியைக் கழற்றியது.

வாசலிலேயே அன்செல்மோ நின்றிருந்தான். மூன்று தெருவுக்கு முன்பே சத்தம் கேட்டிருக்க வேண்டும், முகமெல்லாம் பல்.

"கூரை எனக்கு," என்றாள் மூச்சு வாங்க.

"தெரியும். வியாழக்கிழமையே என் வண்டியை மாமரத்தடிக்குத் தள்ளிட்டேன்."

"வியாழக்கிழமையா? அப்ப ரெண்டு நாளா ஏன்டா அந்த வாயி?"

"நான் விட்டுக் கொடுத்துக் கெடச்ச கூரைன்னா நீ உள்ள வண்டிய விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டாள். அவளுக்கே தெரியும். அவனை அவ்வளவு பிடித்துப்போனது அந்த நொடியில்தான், அதற்கு முன்னால் பிடித்ததெல்லாம் சும்மா.

பீடத்தின் முன்னால் பாதிரியார் மோதிரம் கேட்டார். அன்செல்மோ கோட்டுக்குள் கையை விட்டுச் சின்னதாக ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தான். மூடி இல்லை. உள்ளே இரண்டு மோதிரமும், வீட்டில் கூரை போட்ட இடத்துக் கதவின் சாவியும்.

"மூடியை வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டேன்," என்றான் அவள் காதோடு. "சித்தி எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. நான் சேவலுக்கெல்லாம் பயப்பட மாட்டேன்."

முதல் பெஞ்சில் சித்தி குனிந்து கைக்குட்டையில் எதையோ தேடினாள். நெரெய்டா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மீதமிருந்த முத்துகளும் உதிர்ந்து பீடத்தின் படிகளில் உருண்டோட, பாதிரியார் காலைத் தூக்கி வழிவிட்டார்.