ஆறாவது ஆள்

உறைந்துபோன தீயணைப்புக் குழாயைச் சுருட்ட முடியாது. காலால் மிதித்து, பனிக்கட்டியை நொறுக்கி, பலகை மாதிரி மடக்கி வண்டியில் ஏற்ற வேண்டும். விடிகிற நேரம், பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி. கையுறை குழாயோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. தொண்டையெல்லாம் கரி. பெர்-ஓலாவின் வீட்டில் எரிவதற்கு எதுவும் பாக்கியில்லை. பெர்-ஓலாவைத் துணி போர்த்திக் கொண்டுபோய் அரைமணி நேரமாகியிருந்தது.

ஐந்து பேர் வேலை செய்தோம். சாவு வீட்டில்கூடச் சிரிக்க வைக்கிற பம்ப்காரன் யோரான்கூடத் தலை நிமிராமல் பனிக்கட்டியை நொறுக்கிக்கொண்டிருந்தான். தூவா மட்டும் பேய் பிடித்தவள்போலக் குழாயை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவா மிதிம்மா. கால் போயிரும்," என்றேன்.

"போகட்டும்," என்றாள்.

நான் ரூனே, இந்தக் குழுவுக்குத் தலைவன். மற்ற நாட்களில் மர ஆலையில் வேலை. எங்கள் சின்ன ஊர் கிரான்ஷோவில் முழுநேரத் தீயணைப்புக்காரர் ஒருவரும் கிடையாது. மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் இடுப்பில் பேஜரோடு, நிலையத்திலிருந்து ஐந்து நிமிடத் தூரத்துக்குள்ளேயே தின்று, தூங்கி, பிள்ளை வளர்க்க வேண்டும். பேஜர் அடித்த ஐந்தாவது நிமிடம் வண்டி கிளம்பும். எரிகிற வீட்டுக்குள் ஆளை அனுப்ப ஐந்து பேர் வேண்டும். உள்ளே இருவர், அவர்களைக் கவனிக்க வாசலில் ஒருவர், பம்பில் ஒருவர், அப்புறம் நான். நால்வர்தான் என்றால் வெளியே நின்று தண்ணீர் அடிக்கலாம், அவ்வளவுதான். நல்ல விதிதான் அது. எங்கள் ஆட்கள் உயிரோடு திரும்பி வருவது அதனால்தான்.

முன்பு ஆறு பேர் இருந்தோம். ஒருவருடைய கார் கிளம்பாவிட்டாலும் ஐந்து தேறும். போன இலையுதிர் காலத்தில் மாவட்டத் தீயணைப்பு அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. இனி ஐந்து பேர் போதுமாம். குழுத்தலைவர்கள் படித்து ஒப்புக்கொண்டதாகக் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஆலையில் ஒன்றுமில்லாததற்கெல்லாம் மல்லுக்கு நிற்கிறவன் நான். அன்றைக்கு ஹாக்கி ஆட்டம் இருந்தது. கையெழுத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

தூவாவுக்கு இருபத்தேழு வயது. பள்ளிச் சமையலறையில் வேலை. கணவன் எமில் வடக்கே சுரங்கத்தில், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். மகள் சிக்னேவுக்கு மூன்று வயது. பேஜர் அடித்தால் தூங்குகிற பிள்ளையைத் தூக்கிப்போய் எதிர்வீட்டுக்காரி மாரித்திடம் கொடுத்துவிட்டு ஓடி வருவாள். இரண்டு வருடத்தில் ஒருநாள்கூடத் தாமதித்ததில்லை. அன்று காலை ஐந்து மணிக்குப் பேஜர் அடித்தபோது சிக்னே காய்ச்சலில் அவள் தோளிலேயே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். துடைத்து, போர்த்தி, கொடுத்துவிட்டு நிலையத்துக்கு வந்தபோது ஆறு நிமிடம் நாற்பது விநாடி. நாங்கள் நால்வராகக் கிளம்பிவிட்டிருந்தோம். உடையை மாட்டிக்கொண்டு தன் காரிலேயே பின்னால் வந்தாள். அதற்குள் பெர்-ஓலா இருந்த மாடிக்குப் போகும் படி இடிந்துவிட்டது.

"நான் போறேன் ரூனே, விடு என்னை."

"வேணாம். படியே இல்ல."

தடுத்தது நான்தான். அதற்கு முன் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே மனிதன் இருக்கிறான் என்று தெரிந்தும் ஆள் அனுப்பாததும் நான்தான். அந்த நிமிடங்களை எந்தத் தண்ணீரும் கழுவாது.

எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம். முதல் தடவையாக எதையாவது செய்தாலும் கேக், சொதப்பினாலும் கேக். ஹெல்மெட்டை மறந்தால் கேக், தாமதமானால் கேக். புகைக்குள் போகும் தேர்வில் தேறியபோது தூவா வாங்கி வந்ததை ஐந்தே நிமிடத்தில் வழித்துத் தின்றோம். பெர்-ஓலா இறந்ததற்கு அடுத்த திங்கட்கிழமைப் பயிற்சிக்கு அவள் ஒரு பச்சை நிறக் கேக்கோடு வந்தாள். மேசையில் வைத்தாள். யோரான் பழக்க தோஷத்தில் தட்டுகளை எடுத்துவிட்டான், பிறகுதான் உறைத்தது. திரும்ப அடுக்கினான்.

"எதுக்கு இது, தூவா?" என்று கேட்டேன்.

"லேட்டா வந்தா கேக். அதானே வழக்கம்."

"அது சும்மா கிண்டலுக்கு வச்சதும்மா."

"வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல," என்றாள்.

ஒருவரும் வெட்டவில்லை. அன்னெலி, தீயணைக்கப் போனால் எப்போதும் வாசலில் நின்று கவனிக்கிறவள், மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், சொன்னால் என்ன.

வியாழக்கிழமை மதியம் மாவட்டத் தீயணைப்புத் தலைவர் ஸ்டாஃபன் லில்யா வந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத சீருடை. ஒரு தாளைத் தூவாவின் முன்னால் நகர்த்தினார். சொந்தக் காரணத்தால் நேர்ந்த தாமதம் என்று அச்சடித்திருந்தது.

"கையெழுத்துப் போட்டா ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சுது. இல்லேன்னா பேஜரை ஒப்படைச்சிட வேண்டியதுதான்."

"ஆறு பேர் இருந்திருந்தா?" என்றான் யோரான்.

"அது வேற விஷயம். லேட்டா வந்தது யாரு? கேக் வாங்கிட்டு வந்தாளாமே. அவளே ஒத்துக்கிட்டதுதானே?"

யார் சொன்னார்களோ, சின்ன ஊர். தூவாவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. பேனாவை எடுத்தாள். போடப்போகிறாள் என்று தெரிந்தது. தவறு தன்னுடையதுதான் என்றே அவள் நம்பினாள்.

யோரான் தன் பேஜரைக் கழற்றி மேசையில் டொக்கென்று வைத்தான். "இதையும் எடுத்துக்கிட்டுப் போங்க."

"தாராளமா. நாளைக்கு உங்கம்மா வீட்ல பத்திக்கிட்டா யாரு வருவா?"

யோரான் அவரை முறைத்தான். பேஜரை எடுத்து மறுபடி இடுப்பில் மாட்டினான். அந்த மனிதருக்குத் தெரியும். எங்கள் ஊரை வைத்தே எங்களைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். அதைவிடக் கேவலமாக நான் எதையும் உணர்ந்ததில்லை.

அப்போதுதான் தூவா தாளைப் பின்பக்கம் திருப்பினாள். மெதுவாக எழுதினாள்: 'தூவா. ஆறு நிமிடம் நாற்பது. பிள்ளைக்குக் காய்ச்சல்.'

"இது உண்மை. இதுக்குக் கீழ போடுறேன். அந்தப் பக்கம் போடமாட்டேன்."

நான் பேனாவை வாங்கினேன். அவள் வரிக்குக் கீழே எழுதினேன்: 'ஆறாவது ஆளை எடுத்த தாளில் வாய் பேசாமல் கையெழுத்துப் போட்டவன், ரூனே.' யோரான் பிடுங்கிக்கொண்டான். 'யோரான். போன மார்ச்சில் எட்டு நிமிடம். கார் கிளம்பவில்லை. அன்றைக்கு ஆறு பேர் இருந்தார்கள், யாரும் சாகவில்லை.' அன்னெலியும் எழுதினாள்: 'ஒரு தடவை ஏழு நிமிடம். மூக்கில் ரத்தம் வந்தது.' குழுவில் இளையவனான ஹம்புஸ் அசடு வழிந்தான். "நான் ஒருநாள் தூங்கிட்டேன். அதையும் எழுதட்டுமா?"

"எழுதுடா," என்றான் யோரான்.

லில்யா எழுந்தார். "இதையெல்லாம் நான் வாங்கிக்க முடியாது."

"உங்களுக்கு இல்ல. மத்த ரெண்டு குழுவும் எழுதும். பக்கத்து ஊர் நிலையமும் எழுதும். அப்புறம் கடை வாசல்ல ஒட்டுவோம்," என்றேன்.

"ஒண்ணும் மாறாது, ரூனே."

மாறாமலும் போகலாம். அவர் கார் போய்விட்டது. தூவாவை எப்போது நீக்குவார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஆறாவது ஆளைக் கொடுக்கமாட்டார்கள் என்பது கிட்டத்தட்டத் தெரியும். பெர்-ஓலா திரும்பி வரப்போவதில்லை.

"முதல்ல குன்வோருக்குக் காட்டணும்," என்றாள் தூவா. பெர்-ஓலாவின் அக்கா அவர். நிலையத்துக்குப் பின்தெருவில்தான் வீடு. "நான் மட்டும் போறேன்."

"அதெப்படி?" என்றான் யோரான். ஐந்து பேரும் நடந்தோம்.

குன்வோர் கதவைத் திறந்தார். தூவா தாளை நீட்டினாள். கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து, வாசலில் நின்றபடியே படித்தார். ஒவ்வொரு வரியாக, நேரம் எடுத்து.

"இதுல நீ எது?"

தூவா முதல் வரியைத் தொட்டுக் காட்டினாள். குன்வோர் கண்ணாடியைக் கழற்றினார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. திட்டவும் இல்லை.

"பிள்ளைக்கு இப்போ எப்படி இருக்கு?"

"தேவலாம்."

"சரி, உள்ள வாங்க எல்லாரும். குளிர் வருது."

ஐந்து ஜோடி பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனோம். குன்வோர் தாளை மேசையில் விரித்து வைத்து, கடைசி வரிக்குக் கீழே தானும் எழுதப் பேனாவைத் தேட ஆரம்பித்தார்.