மஞ்சள் குடைக்காரி

குடையோடு உள்ளே நுழைந்த ஆறாவது பெண்ணையும் அம்மா கைப்பிடியிலிருந்து நுனிவரை பார்த்து முடித்தாள். கறுப்பு. வந்தவள் அப்பாவின் காலடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மா அடுத்தவளுக்காக வாசலைப் பார்த்தாள்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது விசாரணைக்கு வசதியாகப் போயிற்று.

அப்பா இறந்தது நேற்று மதியம். இன்று நான்கு மணிக்கு எடுக்கிறார்கள். ஆறு மணிக்கு அவருடைய முதல் ஓவியக் கண்காட்சி திறக்கிறது. "நான் இருந்தாலும் இல்லன்னாலும் தேதியைத் தள்ளாதீங்க" என்று ஆஸ்பத்திரியில் வைத்தே கேலரிக்காரம்மாவிடம் சொல்லியிருந்தார். முப்பது வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் ரீடிங் எடுத்த மனிதர்; தேதி தவறினால் தூக்கம் வராது.

பிரச்சினை, காலையில் வந்து சேர்ந்த கண்காட்சிப் புத்தகத்தில் ஆரம்பித்தது. வரைந்ததையெல்லாம் மச்சில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிடுவார் அப்பா. முட்டிவலியால் ஒன்பது வருடமாக மச்சேறாத அம்மா, பத்தொன்பது படங்களையும் இன்றுதான் பார்த்தாள். ஒன்றில் கடல், ஒன்றில் ரயில் நிலையம், ஒன்றில் மொட்டைப் பாறை. எல்லாவற்றின் நடுவிலும் ஒரு மஞ்சள் குடை, உயரத்திலிருந்து பார்த்தாற்போல. குடையின் விளிம்பைத் தாண்டி இரண்டு வெறுங்கால்கள்.

குடை என்பது வானத்தின் மீது மனிதன் தெரிவிக்கும் ஆட்சேபணை என்று முன்னுரையில் ஒரு பேராசிரியர் எழுதியிருந்தார். "அண்ணனுக்கு வழுக்கைடா. வெயில் தாங்காது. குறியீடு அவ்வளவுதான்" என்றார் சித்தப்பா. அம்மாவின் ஆய்வு வேறு திசையில் போனது.

"நம்ம வீட்ல மஞ்சள் குடை இருக்கா?"

"இல்லம்மா," என்றான் மகன்.

"எப்பவாவது இருந்துச்சா?"

"இல்ல."

"அப்ப யாருடா இவ? கால்ல செருப்புகூட இல்லாம நிக்கிறா, வெட்கங்கெட்டவ."

மகனுக்கும் தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருந்தது. இழவு வீட்டில் முகத்தில் காட்டக்கூடாத ஆசை. அப்பாவிடம் ஒரு ரகசியம் இருக்கக்கூடும் என்பதே அவனுக்குப் புதுச் செய்தி. மீட்டர் கண்ணாடி மங்கியிருந்தால் துடைத்துப் பார்ப்பாரே தவிர, ஒரு எண்ணைக்கூட அவர் ஊகித்து எழுதியதில்லை. அப்படிப்பட்டவர் இல்லாத ஒருத்தியைக் கற்பனையில் வரைந்திருக்க முடியாது. இருக்கிறவள்தான். எங்கே என்பதுதான் கேள்வி.

கேலரிக்காரம்மா அம்மாவின் பக்கம் குனிந்தார். "நீங்கதான் திறந்து வைக்கணும்னு சார் ஆசைப்பட்டார்."

"குடைக்காரியக் கூப்பிட்டுத் திறங்க. இல்லன்னா எல்லாத்தையும் இறக்கிடுங்க. நான் வரல."

அம்மா எழுந்தாள். அப்பாவுக்குப் போடவேண்டிய சட்டையில் கை ஓரம் பிரிந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு தையலறைக்குப் போகும்போது மகனைப் பார்த்து, "மேல போய் அவர் கண்ணாடிய எடுத்துட்டு வா. அது இல்லாம எதையும் ஒழுங்காப் பாக்க மாட்டார்" என்றாள்.

மச்சு தையலறைக்கு நேர் மேலே இருந்தது. தரையில் வெட்டிய சதுரத் திறப்பு வழியாகப் படி ஏறும். அப்பாவின் நாற்காலி அந்தத் திறப்பின் விளிம்பிலேயே கிடந்தது. கொஞ்சம் அசந்தால் கீழே விழலாம். நல்ல வெளிச்சம் ஜன்னல் பக்கம் இருக்க, இங்கே ஏன் போட்டார்? மகன் அதில் உட்கார்ந்து பார்த்தான்.

கீழே அம்மா விளக்கைப் போட்டாள்.

தையல் மெஷினுக்கு மேல் தொங்கிய விளக்கின் மஞ்சள் துணிக்கூண்டு ஒளிர்ந்தது. எட்டுக் கம்பிகள். அம்மாவின் தலை, தோள், மெஷின் எல்லாம் அதற்கடியில் மறைந்துபோயின. விளிம்பைத் தாண்டி மிதியின் மேல் இரண்டு வெறுங்கால்கள் மட்டும், வலது கால் சற்று முன்னே.

அவன் திறப்பின் மேல் குனிந்தான்.

"அம்மா."

"கண்ணாடி கெடச்சுதா?"

"மேல வாயேன்."

"இந்த முட்டிய வச்சுக்கிட்டா? இன்னிக்குக்கூடவா கிண்டல்?"

"குடைக்காரியக் காட்டறேன்."

மெஷின் நின்றது.

பதினொரு படி ஏற அம்மாவுக்குப் பத்து நிமிடம் பிடித்தது. படிக்கு ஒன்றாகக் குடைக்காரியை வைதுகொண்டே ஏறினாள். அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு மகன் இறங்கினான். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு மெஷின் முன் உட்கார்ந்தான். வலது காலைச் சற்று முன்னே தள்ளி மிதியில் வைத்தான்.

இங்கிருந்து பார்த்தால் விளக்கின் உட்புறம்தான் தெரிந்தது. பன்னிரண்டாவது வசவுக்காகக் காத்திருந்தான். வரவில்லை.

கேலரிக்காரம்மா கதவருகே வந்து, "அம்மா எங்க? மணி மூணரை" என்றார். மகன் உதட்டின் மேல் விரலை வைத்தான்.

அப்பாவின் சட்டை ஊசிக்கடியில் பாதி தைத்தபடி கிடந்தது. அவனுக்குத் தைக்கத் தெரியாது. சட்டையை மெல்ல உருவி மடியில் வைத்துக்கொண்டு, வெறும் மெஷினை மிதிக்க ஆரம்பித்தான்.